வீணான ஒன்பது

1

இந்தக் கதை எனக்கு ஓர் அட்டவணையிலிருந்து கிடைத்தது. அதெல்லாம் கதை கிடைக்கிற இடமா என்று கேட்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அடுத்த சில பக்கங்களுக்குப் பொய் சொல்லப்போகிறேன்.

நான் பிழை திருத்துகிறவள். இருபத்து மூன்று வருடமாகப் பிறர் எழுதியதற்குக் காலும் கொம்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் வந்தது ஓர் அறிக்கை, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஏழைப் பிரதேசங்களில் கைக்குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசிக்கு ஆகிற செலவு கட்டுப்படியாகிறதா என்பது விஷயம். கட்டுப்படியாகிறது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயிரைக் காப்பது வேறு எதுவும் அநேகமாக இல்லை என்கிறார்கள். நம்புகிறேன். மீதி இருநூற்றுப் பதினோரு பக்கமும் அந்தச் செலவை இன்னும் எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றி.

முப்பத்தேழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: 'தட்டம்மைத் தடுப்பூசி, வீணான டோஸ்கள், மாதவாரியாக.' ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் ஒரு வரி, வரிக்குப் பன்னிரண்டு கட்டம். பதினான்காம் எண் நிலையத்தின் வரி இப்படி இருந்தது:

0 0 0 0 0 0 0 0 0 0 0 9

பக்கத்தில் பென்சிலில், அறிக்கையை எழுதிய பொருளாதார நிபுணரின் கையெழுத்து: "தட்டச்சுப் பிழை. 0 ஆக்கவும்."

ஏன் ஆக்க வேண்டும் என்பது ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'பன்னிரண்டு மாதமும் ஒரு டோஸ்கூட வீணாக்காத ஒரே நிலையம் இது. இதன் வழிமுறையை எல்லா நிலையங்களும் பின்பற்ற வேண்டும்' என்று பரிந்துரை. பன்னிரண்டாவது கட்டத்தில் ஒன்பது இருந்தால் அந்தப் பத்தியே விழுந்துவிடும்.

விசைப்பலகையில் ஒன்பதும் பூஜ்ஜியமும் அண்டை வீட்டுக்காரர்கள். விரல் நழுவியிருக்கும். ஒரு சுழி போட்டால் முடிகிற வேலை. பேனாவை எடுத்தேன். எடுத்தவள் சும்மா இருக்காமல் முன்னால் இருந்த பதினோரு பூஜ்ஜியத்தையும் இன்னொரு தடவை பார்த்துத் தொலைத்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

"பனி விலகாத காலை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்து வந்தாள். அவள் கண்களில் ஒரு"

[இங்கே நிறுத்திவிட்டேன். ஒரு என்ன? சோகம் என்று எழுதக் கை போனது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அதற்குள் கண்ணில் இறங்கிவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு:

"பத்துக் குழந்தைக்கு உண்டான மருந்து ஒரே குப்பியில் இருக்கிறது."

இது தேவலை. தட்டம்மைத் தடுப்பூசி பொடியாக வருகிறது, கட்டைவிரல் உயரக் குப்பியில். அதற்கென்று கூடவே வரும் நீரை ஊசியால் உள்ளே செலுத்திக் கலக்கினால் பத்துப் பேருக்கு ஆகும். கலக்கிய பிறகு ஆறு மணி நேரம்தான் ஆயுசு. மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அப்படியானால், ஒரே ஒரு குழந்தை வந்தால் என்ன செய்வது? சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது: ஒரு குழந்தை வந்தாலும் திறந்து போடு. ஆனால் சுற்றறிக்கை சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. படிவமோ மாதாமாதம் மேலே போகிறது, யாரோ அதைப் படிக்கிறார்கள். படிவத்தில் 'வீணான டோஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. திருப்பி அனுப்பிய குழந்தைக்குக் கட்டம் கிடையாது.

பதினோரு மாதம் தொடர்ந்து பூஜ்ஜியம் வாங்க வேண்டுமானால் வழி ஒன்றுதான். பத்துக் குழந்தைகள் சேரும்வரை குப்பியைத் திறக்கக் கூடாது.

3

அந்த நர்ஸுக்கு நான் பெயர் வைக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் 'பூஜ்ஜியம் சிஸ்டர்' என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். எடுபடவில்லை. கல்நெஞ்சக்காரி எதற்கு மெனக்கெட்டு வியாழக்கிழமைதோறும் ஏழு மணிக்கே வந்து நிலையத்தைப் பெருக்கப் போகிறாள்? அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்படி ஆரம்பித்தேன்:

நிலையத்துக்கு இரண்டு அறை. முன் அறையில் ஒரு நீள பெஞ்சு, எடை பார்க்கும் தராசு, ஒரு மேசை. பின் அறையில் ஃப்ரிட்ஜ். அதன் கதவில் ஒரு தாள். காலையும் மாலையும் அவள் வெப்பநிலையைக் குறித்து வைப்பாள். மூன்று வருடத்தில் ஒரு வேளைகூட விட்டுப்போனதில்லை. மற்ற ஊசிகளை வந்தவுடன் போட்டு அனுப்புவாள். தட்டம்மை மட்டும் ஒன்பது மாதம் முடிந்த குழந்தைகள் பத்துச் சேர்ந்த பிறகுதான். எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேரும் திரும்ப வேண்டியதுதான். திரும்பியவர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"இன்னும் ரெண்டு பேர் வரல. அடுத்த வியாழன் வந்துருங்க."

"போன வியாழனும் இதத்தான சொன்னீங்க சிஸ்டர்."

"போன வியாழன் நாலு பேர் வரல. இப்ப ரெண்டுதான். கூடிட்டே வருதுல்ல."

மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படிவத்தைப் பார்ப்பார்.

"உங்கள மாதிரி பத்துப் பேர் போதும் சிஸ்டர். இந்த டிபார்ட்மென்ட் எங்கயோ போயிடும்."

"டிரான்ஸ்பர் விஷயம் சார்..."

"பன்னண்டாவது மாசமும் பூஜ்ஜியம் வரட்டும். உங்க ஃபைல நானே கைல எடுத்துட்டுப் போறேன்."

அவள் மகள் நகரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவை விருந்தாளிபோல் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். இவளுக்கு அது பொறுக்கவில்லை. நகரத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டால் போதும்.

[மகளும் மாற்றலும் நான் சேர்த்தது. ஒரு பெண் தப்பு செய்தால் வாசகர் காரணம் கேட்பார். காரணம் மகள் என்றால் பாதி மன்னித்துவிடுவார். மலிவான உத்திதான். அறிக்கையின் பாஷையில் சொன்னால், செலவு குறைவு, பலன் அதிகம்.]

4

பன்னிரண்டாவது மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. மதியம் ஒரு மணி. பெஞ்சு காலி. அவள் ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது தடவையாக வருகிறாள். விரல் இடுக்கெல்லாம் செம்மண்.

"இன்னிக்கி எத்தன பேரு சிஸ்டர்?"

"உன்னோடது ஒன்னுதாம்மா."

"அப்ப அடுத்த வாரமா?" அவளே கேட்டுவிட்டாள், பழகிப்போனதால்.

"ஆமாம்மா."

"அடுத்த வாரம் நாங்க இருக்க மாட்டோம். சூளைய மூடறாங்க. நாளைக்குக் காலைல லாரி."

"எந்த ஊருக்கு?"

"அது மேஸ்திரிக்குத்தான் தெரியும்."

"அங்கயும் நர்ஸ் இருப்பாங்கம்மா."

"இருப்பாங்க. அங்கயும் பத்துப் பேர் சேரணும்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொன்னாள். குழந்தை மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரையை எட்டிப் பிடித்து வாயில் வைத்தது. நர்ஸ் அதைப் பிடுங்கித் துடைத்துவிட்டுப் பின் அறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. மேல் தட்டில் குப்பி.

முடிவு அ: அவள் குப்பியைத் திறக்கிறாள். கை நடுங்குகிறது. [நடுங்காது. பதினெட்டு வருட சர்வீஸ்.] ஊசி போடுகிறாள். குழந்தை அழுகிறது. ஒன்பது டோஸைக் கொட்டுகிறாள். மாற்றல் போகிறது. வாசகர் மூக்கை உறிஞ்சுகிறார்.

முடிவு ஆ: ஃப்ரிட்ஜை மூடிவிட்டு வந்து, "மருந்து தீந்துபோச்சும்மா" என்கிறாள். லாரி கிளம்புகிறது. இது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அட்டவணையில் ஒன்பது எங்கிருந்து வந்தது என்று நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முடிவு இ: குப்பியைத் திறந்து ஊசி போடுகிறாள், மாதக் கடைசியில் படிவத்தில் பத்துப் பேருக்குப் போட்டதாக எழுதிவிடுகிறாள். வீணான டோஸ்: பூஜ்ஜியம். குழந்தைக்கும் ஊசி, அவளுக்கும் மாற்றல். பாம்பும் சாகவில்லை, கோலும் உடையவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதுதான் நடந்திருக்க வேண்டும். சாதாரண மனுஷி இதைத்தான் செய்வாள். நானாக இருந்தாலும் செய்திருப்பேன். அங்கேதான் கதை நின்றுபோனது. பொய் எழுதுவது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது, ஒருத்தி ஏன் ஒன்பது என்று எழுதினாள்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன், பதில் வரவில்லை. மூன்றாம் நாள், எந்தக் கதாசிரியரும் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். அறிக்கையின் பின்னிணைப்பில் நிலையங்களின் தொலைபேசி எண்கள் இருந்தன.

5

"சிஸ்டர் இருக்காங்களா?"

"நான்தான். சொல்லுங்க."

குரல் நான் நினைத்ததைவிடக் கட்டை. விஷயத்தைச் சொன்னேன். அறிக்கை, அட்டவணை, கடைசிக் கட்டம். "ஒன்பதா, பூஜ்ஜியமா? விரல் தவறிப் போச்சோன்னு கேக்கறாங்க."

"ஒன்பது சரிதான் மேடம்." பின்னால் ஏதோ குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள், "அதுக்கு முன்னாடி இருக்கற பதினொன்னுதான் தப்பு."

அசட்டுத்தனமாக, "அந்தச் சூளைக்காரங்க..." என்றேன்.

"எந்தச் சூளை? இங்க ஏது சூளை."

"நீங்க டிரான்ஸ்பர் கேட்டிருந்தீங்களோ?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? என் வீடு பின்னாடித் தெருதான். யார் சொன்னா உங்களுக்கு?"

நான்தான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றி, பிறகு எதற்காகப் பதினோரு மாதம் அப்படிச் செய்தாள் என்று கேட்டேன். பெரிய காரணம் ஏதாவது வரும் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"வீணாக்கக் கூடாதுல்ல மேடம். அவ்ளோ தூரத்துலருந்து ஐஸ்ல வச்சு வர்ற மருந்து. கொட்டறதுக்கு மனசு வரல. மொத மாசம் சும்மா அமைஞ்சுது. அப்புறம் மீட்டிங்ல என்ன மட்டும் எழுந்து நிக்கச் சொல்லிக் கை தட்டினாங்க. மூனு மீட்டிங்ல. அதுக்கப்புறம் விட முடியல."

அவ்வளவுதான். கைதட்டல். நான் மகளையெல்லாம் நகரத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"எதிர்ல ஒரு டீக்கடை இருக்கு. அந்த அக்காவோட பொண்ணு. மூனு வியாழன் தூக்கிட்டு வந்தாங்க, மூனு தடவையும் ஆள் சேரல. நாலாவது வாரம் வரல. கடைய விட்டுட்டு எத்தன தடவதான் வருவாங்க. அப்புறம் அம்மை போட்டுடுச்சு. பன்னண்டு நாள் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்னும் இல்ல மேடம். நல்லா இருக்கா. நடக்கறா."

'பன்னிரண்டு நாள்' என்று குறித்துக்கொண்டேன்.

"ஒரு காது மட்டும் கேக்காது. எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாலும் வலது பக்கமே திரும்பறா. இந்த ஜன்னல்லருந்து பாத்தா தெரியும்."

"அவங்க உங்கள எதாவது கேட்டாங்களா?"

"இல்ல. அடுத்த வாரம் வாங்கன்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்ப மருந்து வரலன்னு நெனச்சிட்டிருக்காங்க. மருந்து ஃப்ரிட்ஜுல இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. இப்பவும் தெனமும் பதினோரு மணிக்கு டீ குடுத்து விடறாங்க. காசு வாங்க மாட்டேங்கறாங்க."

"நீங்க சொல்லலியா?"

"இன்னும் சொல்லல."

[இந்தப் பேச்சும் நீ எழுதியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. சூளையை நான் கண்டுபிடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த டீயைக் கண்டுபிடிக்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது.]

பன்னிரண்டாவது மாதம் ஒரே ஒரு குழந்தை வந்தது. யார் பெற்றதென்றுகூட அவளுக்கு நினைவில்லை. திறந்து போட்டாள்.

"பூஜ்ஜியம்னே எழுதியிருக்கலாமே," என்றேன்.

"எழுதியிருக்கலாம். ஒரு தடவையாவது நடந்தத எழுதணும்னு தோணுச்சு."

ஐம்பத்தெட்டாம் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"எல்லா நிலையத்துலயுமா?"

"எல்லா நிலையத்துலயும்."

"எங்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, அதுல நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க," என்றாள். "நான் திருப்பி அனுப்புனவங்க. இதுவரைக்கும் வீடு வீடாப் போய் இருபத்தாறு பேரப் புடிச்சுப் போட்டுட்டேன். மீதிப் பேர் எங்க போனாங்கன்னே தெரியல. இது ஒரு நிலையத்துல மட்டும்." பிறகு, மேடமாக இருந்த என்னை அக்காவாக்கிவிட்டுச் சொன்னாள், "அந்த ஒன்பத அழிச்சிடாதீங்கக்கா."

6

நிபுணரை வில்லனாக்கினால் எனக்கு வேலை மிச்சம். அவர் அப்படி இல்லை. தொலைபேசியில் நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் இத எழுதறதே அந்தக் குழந்தைங்களுக்காகத்தாங்க. பத்துல அஞ்சு டோஸ் கீழ போகுதுன்னு தெரிஞ்சா பணம் தர்றவன் கைய இழுத்துக்குவான். அப்புறம் திறக்கறதா வேண்டாமான்னு யோசிக்கக் குப்பியே இருக்காது."

நியாயமான பேச்சு. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்," என்றார். "ஆனா ஒரு ஃபோன் பேச்சு தரவாகாது. படிவத்துல இருக்கறதுதான் தரவு."

"படிவத்துல ஒன்பதுன்னுதான சார் இருக்கு?"

பேனா மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அது பிழை."

"யார் சொன்னது?"

"முன்னாடி இருக்கற பதினோரு மாசம் சொல்லுது."

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். அறிக்கைய மறுபடி எழுத நேரமில்ல. ஒன்பதுன்னு விட்டா அம்பத்தெட்டாம் பக்கத்த எடுத்தாகணும், அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான். பூஜ்ஜியம்னு போட்டா பக்கத்துல உங்க சுருக்கொப்பம் இருக்கணும். என் யோசனைய எழுதிட்டேன். திருத்தறது நீங்கதான்," என்றார்.

வைத்துவிட்டார். தன் கையில் இருந்ததை இவ்வளவு மரியாதையாக என் கையில் வைத்தவர் வேறு யாரும் இல்லை.

நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினேன். அந்த அறிக்கையின் கணக்குப்படியே ஒன்பது டோஸின் விலை ஆஸ்பத்திரிப் படுக்கையின் ஒரு நாள் செலவில் பாதிகூட வரவில்லை. அந்தக் குழந்தை பன்னிரண்டு நாள் கிடந்தது. தேடினால் காதுக்கும் ஓர் எண் இருந்தது. 'கேட்கும் திறன் இழப்பு, ஒரு பக்கம்' என்று ஒரு வரி, எதிரே அந்த இழப்பின் கனம் என்று ஒரு தசமம், பூஜ்ஜியத்துக்கு மிகப் பக்கத்தில். யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது. தெருவில் நின்று கூப்பிடும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

7

மூன்றரை மணி. மேசையில் முப்பத்தேழாம் பக்கம். பேனா திறந்திருக்கிறது. இங்கே கதாசிரியர் எழுந்து ஜன்னலருகே போய் நிற்க வேண்டும். என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது, அலமாரிதான்.

கடைசி வாக்கியமாக, "அவள் பேனாவைக் கீழே வைத்தாள், ஒன்பது அப்படியே" [இது வேண்டாம். என்னை நானே மெச்சிக்கொள்கிற வாக்கியம்.]

"அவள் ஒரு சுழி போட்டாள், போட்டுவிட்டு" [இதுவும் வேண்டாம். அழுது மன்னிப்பு வாங்குகிற வாக்கியம்.]

நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நம்புவீர்களா? சூளையை நம்பினீர்கள், மகளை நம்பினீர்கள். இதையும் நம்பிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால் வாயால் சொல்லாமல், பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன்.

அறிக்கை அச்சாகிவிட்டது. எல்லா நிலையங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்துக்கும் வந்திருக்கும். உங்கள் வீட்டில், இல்லையென்றால் அக்கம்பக்கத்தில், ஒன்பது மாதம் முடிந்த குழந்தை ஒன்று இருக்கும். ஊசி நாளன்று அதைத் தூக்கிக்கொண்டு போங்கள். கூட்டம் கலைந்த பிறகு, மதியம் ஒரு மணி வாக்கில், பெஞ்சு காலியாக இருக்கும்போது போங்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் எட்டிப் பார்ப்பாள். நீங்கள் ஒருவர்தான் என்று தெரிந்த பிறகு அவள் பின் அறைக்குப் போகிறாளா, நோட்டை எடுக்கிறாளா என்று பாருங்கள்.

நோட்டை எடுத்தால், தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள்.